வாட்ச் கட்டிய கை

“இத்தனை வாட்சை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?” என்று எங்களைக் கேட்காதவர்கள் குறைவு. சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் கேட்டார். இயக்கத் தோழர்கள் கேட்கும்போது மட்டும் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கும்: “இதெல்லாம் பணக்காரங்க பொழுதுபோக்கு இல்லையா?”

நியாயமான கேள்விதான். வாட்ச் சேகரிப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கிரிக்கெட் வீரர்களும் சினிமா நடிகர்களும் கட்டுகிற சுவிஸ் வாட்ச். அதில் ஒன்றின் விலைக்கு எங்கள் காலனியில் நாலைந்து வீடு கட்டிவிடலாம். எங்களிடம் இருப்பது அது இல்லை. பிஸ்கட் டின் ஒன்றிலும் பழைய வளையல் பெட்டி ஒன்றிலுமாக 41 வாட்ச். முக்கால்வாசி எச்எம்டி. எல்லாமே சாவி கொடுத்தால் ஓடுகிறவை, அல்லது கையாட்டத்தில் தானே சாவி ஏறுகிறவை. அதிக விலை கொடுத்து வாங்கியது 2,800 ரூபாய். குறைந்தது, ஒரு பழைய இரும்புக் கடையில் 60 ரூபாய்.

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். இருவரும் முப்பதுகளில் இருக்கிறோம். ஒருவர் சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டுத் தூய்மைப் பணியாளர்களிடையே சமூகப் பணி செய்கிறவர். மற்றவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். வாட்ச் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே பைத்தியம், ஒரே பெட்டி. அதனால் இதை ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்வதற்கு முன், சாவி வாட்சுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

பேட்டரி கிடையாது. பக்கவாட்டில் இருக்கும் கிரவுனை விரலால் திருகினால், உள்ளே ஒரு குட்டி டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும் மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. இறுகிய ஸ்பிரிங் அவிழத் துடிக்கும். விட்டால் ஒரு சில நொடிகளில் மொத்தமும் அவிழ்ந்து தீர்ந்துவிடும். அதை அப்படி அவிழ விடாமல், ஒரு பல்லுக்கு ஒரு பல்லாகத் தடுத்துத் தடுத்து விடுவதுதான் வாட்சின் மொத்த வித்தை. தடுக்கிற வேலையை இரண்டு கால் முளைத்த சின்ன ஃபோர்க் ஒன்று செய்கிறது. அந்த ஃபோர்க்குக்குத் தாளம் சொல்வது பேலன்ஸ் வீல். தலைமுடி கனத்தில் இருக்கும் ஹேர் ஸ்பிரிங் அந்தச் சக்கரத்தை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். எச்எம்டி ஜனதா போன்ற வாட்சில் இந்த ஆட்டம் மணிக்கு 18,000 அசைவு, அதாவது நொடிக்கு 5. காதில் வைத்துக் கேட்டால் டிக் டிக் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்காது. சிறுவண்டு ஓடுவது மாதிரி விடாமல் கேட்கும். முழுச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் போல ஓடும். மறுநாள் மறுபடி கொடுக்க வேண்டும்.

டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே வைரம் இருக்கிறது என்று நம்பிய தலைமுறை ஒன்று இருந்தது. அவை ஆலையில் செய்த செயற்கை மாணிக்கக் கற்கள். சக்கரங்களின் அச்சு சுழலும் குழிகளில் உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்க வைப்பவை. அடகுக்கடையில் காசு தேறாது. ஆனால் அந்தக் கற்கள் இருப்பதால்தான் 40 வருடத்துக்கு முன் செய்த வாட்ச், ஒரு சர்வீஸ் செய்து எண்ணெய் போட்டதும் இன்றைக்கும் ஓடுகிறது.

இந்த வாட்சுகளைச் செய்த எச்எம்டி, இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற பெயரில் 1953 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம். ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்வதற்காக வந்தது. 1961 இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கைக்கடிகாரத்துக்கு வந்தது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பிறகு தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று ஆலைகள் பெருகின. வெளிநாட்டு வாட்ச் என்றால் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் கடத்தல் சரக்கு என்றிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு குமாஸ்தாவும் ஒரு ரயில்வே கூலியும் கடையில் ரசீதோடு வாங்கக்கூடிய வாட்சாக வந்தது எச்எம்டி.

பெயர்களைப் பாருங்கள். ஜனதா என்றால் மக்கள். சில ஜனதா டயல்களில் அந்தப் பெயரே இந்தி எழுத்தில் இருக்கும். கறுப்பு முகத்தில் பளிச்சென்ற எண்களோடு வந்தது பைலட். ராணுவ வீரர்களை மனதில் வைத்துச் செய்தது ஜவான். அதில் 24 மணிக் கணக்கும் உண்டு. மெலிந்த உடம்போடு வந்தது சோனா. கையாட்டத்திலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் காஞ்சன், ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய சீர். பெண்களுக்குச் சுஜாதா. பார்வையற்றவர்களுக்காகக் கண்ணாடியைத் திறந்து முள்ளை விரலால் தடவிப் பார்க்கும் பிரெய்ல் வாட்சும் வந்தது. அது ஒன்று எங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஆறு வருடமாகத் தேடுகிறோம்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாட்ச் ஒரு ஜனதா. அப்பா தெற்கு ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தில் வேலை செய்கிற ஆளுக்கு மணி தெரிவது உயிர்ப் பிரச்சினை. எந்த வண்டி எப்போது வரும் என்பது தெரியாமல் சுத்தியலைத் தூக்க முடியாது. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரியின் கையில் மட்டும்தான் வாட்ச் இருந்ததாம். 1981 இல் ஆயுத பூஜைக்கு முன்னால் வந்த போனஸில் அப்பா ஜனதா வாங்கினார். விழுப்புரத்தில் கடைக்காரர் பட்டையை இறுக்கிக் கட்டி, “தினமும் ஒரே நேரத்துல சாவி குடு, ரொம்ப முறுக்காத” என்று சொல்லி அனுப்பினார்.

ஊர்த்தெரு வழியாகத்தான் காலனிக்குப் போக வேண்டும். முதல் ஒரு மாதம் அப்பா தெரு முனையில் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலனி எல்லையில் மறுபடி கட்டிக்கொண்டார். யாரும் அவரிடம் கட்டாதே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவை இல்லாத அளவுக்கு அது அவருக்குத் தெரிந்திருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன தாத்தாவின் பிள்ளை அவர்.

பிறகு ஒரு நாள் கழற்றாமலே நடந்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், “என்னடா, துரை வாட்ச் கட்ட ஆரம்பிச்சிட்டாரா? மணி என்னடா?” என்று கேட்டார். கிண்டல்தான். அப்பா கையைத் தூக்கிப் பார்த்து, “ஆறு இருபது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் அதே ஆள் திருக்கோவிலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டி, நிஜமாகவே மணி கேட்டார். “டேய் போகல. ஆனா கேட்க வேண்டி வந்துச்சில்ல” என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். அந்த ஜனதா எங்கள் சேகரிப்பில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலை காப்பிக்கு முன்னால் அவரே சாவி கொடுக்கிறார். எங்களிடம் தர மறுக்கிறார்.

ஒரு வாட்சுக்கு இவ்வளவு பயமா என்று இன்றைய இளைஞர்கள் கேட்கலாம். உடம்பில் எதை அணியலாம் என்பதைச் சாதி தீர்மானித்த வரலாறு எழுத்திலேயே இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. அந்தப் பட்டியலில் கைக்கடிகாரம் இல்லை. சட்டையே போடக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் வாட்ச் கட்டுவார்கள் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. 50 வருடத்தில் சட்டை வந்தது, செருப்பு வந்தது, வாட்ச் வந்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தெரு முனையில் கழற்றாமல் நடந்ததால் வந்தது.

வாட்ச் மற்றவற்றைப் போல வெறும் அணிகலன் இல்லை என்பது எங்களில் ஒருவருக்கு எம்.ஏ. வகுப்பில் உறைத்தது. ஈ. பி. தாம்சன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1967 இல் நேரமும் வேலை ஒழுங்கும் பற்றி எழுதிய கட்டுரை பாடத்தில் இருந்தது. தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பார்கள், மாலையில் பின்னே இழுத்து வைப்பார்கள். தொழிலாளி எத்தனை மணி நேரம் உழைத்தான் என்பது அவனுக்கே தெரியாது. ஓர் ஆலையில் ஒரு தொழிலாளியிடம் சொந்த வாட்ச் இருந்தது. அதைப் பிடுங்கி முதலாளியிடம் கொடுத்துவிட்டார்கள். காரணம், அவன் மற்றவர்களுக்கு மணி சொன்னான்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் கேட்டோம்: “நடவுக்குப் போனா எப்ப விடுவாங்க?” “பொழுது சாஞ்சா விடுவாங்க” என்றது பாட்டி. “சாஞ்சிருச்சுன்னு யார் சொல்றது?” “அவங்கதான் சொல்லணும்.” வெயில் இறங்கி முகம் தெரியாத நேரத்திலும் “இன்னும் பொழுது இருக்கு” என்று வரப்பிலிருந்து குரல் வருமாம். சூரியன் எல்லோருக்கும் பொது. அது சாய்ந்துவிட்டது என்று சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான்.

பாபாசாஹேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரத்தை 48 மணியாகக் குறைத்த திருத்தம் 1946 இல் வந்தது. எட்டு மணி நேரம் என்பதை அளக்க வேண்டுமென்றால் மணி தெரிய வேண்டும். அந்தச் சட்டம் ஆலைக்கு வந்தது. பாட்டியின் வயலுக்கு வரவில்லை. ரயில்வே வேலைக்குப் போன அப்பாதான் எங்கள் வீட்டில் மணிக் கணக்கில் உழைத்து மாதக் கணக்கில் சம்பளம் வாங்கிய முதல் ஆள். அந்த முதல் ஆளின் கையில் ஜனதா ஏறியது தற்செயல் இல்லை.

இந்த இடத்தில் மற்ற சேகரிப்பாளர்களிடமிருந்து எங்கள் பாதை கொஞ்சம் பிரிகிறது. எச்எம்டி விரும்பிகள் இந்தியா முழுக்க இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், நிறையக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் பெரும்பாலும் தாத்தாவின் நினைவு, தேசத்தின் பெருமை, பழைய நல்ல காலம் என்பவை வரும். எங்களுக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் எங்களுக்கு எச்எம்டி என்பது, அரசமைப்புச் சட்டத்தின் 16(4) ஆவது பிரிவின் நிழல் விழுந்த ஆலையும்கூட. பொதுத்துறை என்பதால் அதன் வேலைகளில் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் இடஒதுக்கீடு இருந்தது. வாட்சைத் திறந்து பின்மூடிக்கு உள்ளே பார்க்கும்போது, இந்தச் சக்கரத்தைப் பொருத்திய விரல்களில் எங்கள் மாதிரி ஒரு வீட்டின் விரலும் இருந்திருக்கும் என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை. சுவிஸ் வாட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்களுக்கு அந்த எண்ணத்தைத் தராது.

அந்த ஆலைகள் ஏன் மூடின என்பதற்குக் காரணம் பல. 1969 இல் ஜப்பானின் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியில் ஓடும், சாவி வேண்டாம், மாதத்துக்குச் சில நொடிதான் தவறும். உலகம் முழுக்கச் சாவி வாட்ச் தொழில் ஆட்டம் கண்டது. இங்கே 1984 இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூர் ஆலையிலிருந்து அழகான குவார்ட்ஸ் வாட்சுகளைக் கொண்டுவந்தன. எச்எம்டியும் குவார்ட்ஸ் செய்தது. ஆனால் சாவி வாட்சைத் தாண்டி மனது மாற அதற்கு நேரம் பிடித்தது. பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது, நஷ்டம் ஏறியது. 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

வாட்ச் விரும்பிகள் அன்றைக்கு ஒரு பிராண்ட் போய்விட்டதே என்று வருந்தினார்கள். மிச்சச் சரக்கை வாங்கக் கூட்டம் அலைமோதியது. ஒரு பொதுத்துறை ஆலை மூடினால், அதோடு அதன் இடஒதுக்கீட்டு வேலைகளும் மூடுகின்றன. அந்த இடத்தை நிரப்பும் தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. நஷ்டத்தில் ஓடிய ஆலையை என்ன செய்திருக்கலாம் என்பது நீண்ட விவாதம். ஆனால் கணக்குப் பார்த்தவர்கள் இந்த இழப்பை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை என்பதை மட்டும் எங்கள் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம்.

சரி, வாட்சுகளை எப்படிச் சேர்க்கிறோம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். ஆன்லைனில் பளபளவென்று 900 ரூபாய்க்கு வரும் ‘எச்எம்டி பைலட்’டை நம்பி வாங்காதீர்கள். ஆரஞ்சு, பச்சை, ரோஸ் என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் டயல் இருந்தால் அது பெரும்பாலும் மறுபடி பெயின்ட் அடித்தது. உள்ளே ஓடும் இயந்திரம் ஒரு வாட்சிலிருந்து, கேஸ் இன்னொன்றிலிருந்து, முள் மூன்றாவதிலிருந்து வந்திருக்கும். சேகரிப்பாளர்கள் இதை ‘மும்பை ஸ்பெஷல்’ என்பார்கள். லென்ஸ் வைத்து டயல் எழுத்தைப் பாருங்கள். ஒரிஜினல் எழுத்து ஊசி முனை மாதிரிக் கூர்மையாக இருக்கும். மறுபெயின்ட் எழுத்து மை ஊறினாற்போல் விளிம்பு கலைந்திருக்கும். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வந்துவிடுங்கள்.

எங்களுக்குப் பிடித்த இடம் சின்ன ஊர்ப் பேருந்து நிலையங்களை ஒட்டிய ரிப்பேர் கடைகள். கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் லைட், கண்ணில் லென்ஸ். எங்கள் வாட்சுகளைப் பார்க்கும் பாய்க்கு 70 வயதைத் தாண்டிவிட்டது. பழுதான வாட்சுகளின் சக்கரங்களை மாத்திரை டப்பாக்களில் பிரித்து வைத்திருக்கிறார். முதல் தடவை ஒரு துருப்பிடித்த சோனாவைக் கொடுத்து “ஓடாத வாட்ச் பாய்” என்றோம். திறந்து பார்த்துவிட்டு, “ஓடாத வாட்ச் இல்லம்மா, ஓட்டாத வாட்ச்” என்றார். எண்ணெய் காய்ந்து பசையாகியிருந்தது, அவ்வளவுதான். பெட்ரோலில் கழுவி, எண்ணெய் தொட்டு வைத்து, ஒரு வாரம் ஓடவிட்டுத் தந்தார். கூலி 300 ரூபாய். இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் யாரும் வருவதில்லை. எங்களில் லேத்தில் கை பழகியவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருகிறார். பேலன்ஸ் வீலைக் கழற்றி மாட்டும் அளவுக்கு வந்திருக்கிறார்.

இதெல்லாம் சரி, இதனால் யாருக்கு என்ன பயன் என்ற தோழர்களின் கேள்விக்கு வருவோம். பயன் இருந்தாக வேண்டும் என்று நாங்கள் நினைப்பதில்லை. தலித்துகள் என்றால் எந்நேரமும் போராட்டமோ துயரமோ மட்டும்தான் என்று ஊர் நினைக்கிறது. சில நேரம் நாமும் நினைக்கிறோம். வேலை முடிந்த பிறகு தனக்குப் பிடித்த, எவருக்கும் உதவாத ஒன்றில் ஒரு மணி நேரம் மூழ்கிக் கிடப்பது, நம் முன்னோர்களுக்கு மறுக்கப்பட்டவற்றில் முக்கியமானது. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் மறுபாதி அதுதான். ஆனாலும் ஒரு வாட்ச் எங்கள் பெட்டியிலிருந்து வெளியே போன கதையைச் சொல்ல வேண்டும்.

எங்களில் ஒருவர் வேலை செய்யும் நகரத்தில், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் காலை 6 மணிக்கு மஸ்டரில் நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் தன் போனைப் பார்த்து, “ஆறு அஞ்சு ஆயிடுச்சு” என்றால் அரைநாள் சம்பளம் போச்சு. பணியாளர்களிடமும் போன் உண்டு. வேலைக்கு வந்ததும் பையில் போட்டு ஆபீஸில் வைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. முடியும் நேரம் மதியம் 2 மணி என்று தாளில் இருக்கிறது. குப்பை வண்டி வந்து சேரும் வரை என்பது நடைமுறை. அங்கே வேலை செய்யும் ஓர் அக்கா, எங்கள் கையில் இருந்த வாட்சைப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி ஒண்ணு எனக்கு வேணும்மா. பேட்டரி போட காசில்ல, சாவி குடுக்குறதா இருந்தா நல்லது” என்றார். பெட்டியிலிருந்த சுஜாதாவைச் சர்வீஸ் செய்து கொடுத்தோம்.

அவர் செய்தது எங்களுக்குத் தோன்றாத வேலை. தினமும் வீட்டில் போனோடு மணியை ஒத்துப் பார்த்துச் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு வருவார். வந்த நேரம், விட்ட நேரம் இரண்டையும் மகளின் பழைய நோட்டில் எழுதச் சொல்வார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மேற்பார்வையாளர் நேரம் தவறிவிட்டது என்றபோது, வாட்சை நீட்டி, “அஞ்சு அம்பத்தேழு சார்” என்றார். “இது பழைய வாட்ச், தப்பாக் காட்டும்” என்றார் அவர். “ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் பின்னாடி போவும் சார். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்” என்றார் அக்கா. சுற்றி நின்ற 14 பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு வெட்டு விழவில்லை. அதன் பிறகு மற்றவர்கள் மதியம் அவரிடம்தான் மணி கேட்டார்கள். கூடுதல் நேரத்துக்கான மனுவில் அந்த நோட்டின் நகலைத்தான் இணைத்தோம். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வாட்ச் ஒன்றும் இந்த நாட்டில் தூய்மைப் பணியாளர் கையில் ஏறியிருக்கிறது. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா போன்ற மாநகராட்சிகள் தங்கள் பணியாளர்களுக்கு ஜிபிஎஸ் வாட்சுகளைக் கட்டாயமாகக் கட்டிவிட்டன. பணியாளர் எந்தத் தெருவில் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது கட்டுப்பாட்டு அறையின் திரையில் புள்ளியாகத் தெரிந்தது. ஒதுக்கிய எல்லையைத் தாண்டினால் சம்பளம் பிடிக்கப்பட்டது. கேமராவும் மைக்கும் இருக்குமோ என்ற பயத்தில் கழிப்பறைக்குப் போகவே பெண்கள் கூசினார்கள். சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் பணியாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். இந்த வேலையில் பெரும்பான்மையோர் யார் என்பதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே மாநகராட்சிகளின் பொறியாளர் கையிலோ ஆணையர் கையிலோ அந்த வாட்ச் ஏறியதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

இரண்டுமே வாட்ச்தான். ஒன்றை நாம் பார்க்கிறோம். மற்றது நம்மைப் பார்க்கிறது. ஒன்றுக்கு நம் விரலால் சாவி கொடுக்கிறோம்; மற்றதன் சாவி வேறு எங்கோ இருக்கிறது. சாவி வாட்ச் மேல் எங்களுக்கு இருக்கும் காதலை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். அது யாருக்கும் தகவல் அனுப்பாது. கட்டியவரைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யாது.

இன்றைக்குக் காலனிகளில் இருக்கும் பீரோக்களைத் திறந்தால், துணிகளுக்கு அடியில், பழைய ரேஷன் கார்டோடு சேர்த்து, ஓடாத வாட்ச் ஒன்று கிடைக்கும். மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ நகராட்சியிலோ வேலை பார்த்த அப்பாவோ, ஆசிரியையாகவோ செவிலியராகவோ இருந்த அத்தையோ கட்டியதாக இருக்கும். பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை, உங்களிடமே இருக்கட்டும். பக்கத்தில் வயதான ரிப்பேர்க்காரர் யாராவது இருந்தால், அவர் இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள். முக்கால்வாசி வாட்சுகளுக்கு எண்ணெய்தான் காய்ந்திருக்கும்.

கூடவே ஒரு துண்டுத் தாளில் நாலு விஷயம் எழுதி அந்த வாட்சோடு வையுங்கள். யார் வாங்கியது, எந்த வருடம், எந்தச் சம்பளத்தில், முதல் முறை கட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தபோது என்ன நடந்தது. நம் வீடுகளில் செப்புப் பட்டயமும் கிடையாது, பரம்பரைப் பத்திரமும் கிடையாது. முதல் வாட்சின் தேதி தெரிந்தால், அந்த வீட்டுக்குள் மாதச் சம்பளம் நுழைந்த தேதி தெரியும். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த வாரமே கேளுங்கள்.